பல் வைத்தியமும் பிள்ளைகளின் மூச்சும்

சிறு பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் வைத்தியம் செய்யும்பொழுது, அவர்கள் அழாமலும் திமிறாமலும் இருப்பதற்காக மயக்க மருந்து கொடுத்து உறங்க வைப்பது என்பது இப்பொழுது பெரிய பட்டணங்களில் சாதாரணமாகி விட்டது. காஞ்சிபுரம் போன்ற ஊர்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய் இந்த வைத்தியம் செய்துகொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இது நல்லதா கெட்டதா, இதில் ஆபத்து எங்கே இருக்கிறது, பெற்றவர்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவைகளை நம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுவார் குறைவு. ஆதலால் இவ்வாரம் அதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுத நேர்ந்தது.

2023-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கேரளத்தில் திருச்சூர் ஜில்லாவைச் சேர்ந்த குன்னங்குளத்தில், பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்வதற்காக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்ட மூன்று வயதுப் பையன் ஒருவன் உயிரோடு வீடு திரும்பவில்லை என்கிற செய்தியை வாசகர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். உறவினர்கள் குறை சொன்னார்கள். போலீசில் வழக்குப் பதிவாயிற்று. அதில் யார் மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லுவது நம்முடைய வேலையல்ல. ஆனால் பல் வலிக்கென்று போன பிள்ளை பிணமாய் வருவது என்பது எந்தத் தாயும் நினைத்துப் பார்க்காத காரியமானதினால், அது எப்படி நேரக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்ளுவது நம் எல்லோருடைய வேலையுமாகும்.

இம்மாதிரியான ஒரு சாவு நம் தெருவில் நேர்ந்தால் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்லுகிற முதல் வார்த்தை என்ன? "அதன் ஆயுசு அவ்வளவுதான், தலையில் எழுதினதை யார் மாற்ற முடியும்?" என்பதுதானே! இந்த ஒரு வார்த்தை எத்தனை பேரைத் தப்பவிடுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் எடையைப் பார்க்காமல் மருந்தைக் கொடுத்தவர் தப்பித்துக் கொள்ளுகிறார். பக்கத்தில் ஆள் வைக்காதவர் தப்பித்துக் கொள்ளுகிறார். பிராணவாயுச் சிலிண்டர் காலியாய் இருந்ததைக் கவனியாதவர் தப்பித்துக் கொள்ளுகிறார். அந்த இடத்தை ஒரு நாளும் எட்டிப் பார்க்காத சர்க்காரும் தப்பித்துக் கொள்ளுகிறது. அகப்பட்டுக் கொள்ளுகிறவர் பிரம்மதேவர் ஒருவர்தான். அவர் மேல் நம்பர் போடுவதற்கு எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை!

உண்மை என்னவென்றால், மயக்க மருந்தினால் பிள்ளைகள் சாவதில் பெரும்பாலும் நடப்பது ஒரே காரியந்தான். மருந்து அதிகமாகி மூச்சுத் தடைப்படுகிறது. தடைப்பட்டதை உரிய நேரத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. பார்த்த பிறகும் மூச்சை மீட்கப் பழகின கை பக்கத்தில் இருப்பதில்லை. இந்த மூன்றில் விதி எந்த இடத்தில் வந்து நுழைகிறது என்று கேட்கிறோம்.

இப்படிச் சொல்லுவதினால் மயக்க மருந்தே கூடாது என்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளையை நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்குவது வைத்தியமல்ல; அது கசாப்புக்கடை வேலை. அந்தப் பிள்ளை பிறகு ஆயுசு பூராவும் பல் டாக்டர் பெயரைக் கேட்டாலே ஓடும். வலியில்லாமல் வைத்தியம் செய்யும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தவர்களே பல் வைத்தியர்கள்தான். 1844-ம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற ஊரில் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே சுவாசித்துத் தம்முடைய பல் ஒன்றையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். 1846 அக்டோபரில் வில்லியம் மார்ட்டன் என்ற மற்றொரு பல் வைத்தியர் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதரைக் கொண்டு ஒருவனை மயக்க, வலி தெரியாமல் அவன் கழுத்துக் கட்டியை அறுத்தார்கள். மறு வருஷமே எடின்பரோவில் டாக்டர் சிம்ப்ஸன் குளோரோபாரத்தைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தார்.

ஆனால் குளோரோபாரம் வந்து மூன்று மாதம் ஆவதற்கு முன்னமே, 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் நியூகாஸில் பக்கத்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி கால்விரல் நகத்தை எடுப்பதற்காக அதைச் சுவாசித்து இரண்டொரு நிமிஷத்தில் இறந்து போனாள். அன்று தொட்டு இந்த வித்தையின் சரித்திரம் முழுவதும், உறங்குகிறவனை உறங்காமல் யார் பார்த்துக்கொள்ளுவது என்ற ஒரு கேள்வியின் சரித்திரமாகவே இருந்து வருகிறது. நம் நாட்டிலேயே ஐதராபாத்தில் 1888-லும் 1889-லும் நிஜாம் அரசாங்கத்தின் செலவில் டாக்டர் எட்வர்டு லாரி என்பவரின் தலைமையில் குளோரோபார விசாரணைக் கமிஷன்கள் நடந்தன. நாய்களுக்கும் மற்றப் பிராணிகளுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, "முதலில் நிற்பது மூச்சு, பிறகே இருதயம், ஆகையால் மூச்சைக் கவனியுங்கள்" என்பதாக அவர்கள் முடிவு சொன்னார்கள். இருதயத்தைப்பற்றி அவர்கள் சொன்னது முழுவதும் சரியல்லவென்று பின்னால் விளங்கிற்று. மூச்சைக் கவனி என்று சொன்னது மாத்திரம் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.

பிள்ளைகளிடத்தில் இந்தக் கவனம் ஏன் அதிகமாய் வேண்டும் என்பதைச் சிறிது பார்ப்போம். பிள்ளையின் உடம்பு எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு பிராணவாயுவைச் செலவு செய்கிறது. நெஞ்சிலோ இருப்புக் குறைவு. நாக்குப் பெரிது, மூச்சுக் குழாய் சிறிது, தொண்டையில் சதையும் வளர்ந்திருக்கலாம். ஆகவே பெரியவருக்கு மூச்சு நின்றால் கிடைக்கிற அவகாசம் பிள்ளைக்குக் கிடையாது. சில நிமிஷங்களுக்குள் மூளை கெட்டு விடும். இதோடு பல் வைத்தியத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. டாக்டர் வேலை செய்கிற இடமும் பிள்ளை மூச்சு விடுகிற வழியும் ஒன்றே. கருவியிலிருந்து தெளிக்கிற தண்ணீரும், ரத்தமும், பஞ்சும், உடைந்த பல்லும் எல்லாம் அந்த வாசலில்தான் இருக்கின்றன.

மேலும், மயக்கத்தில் பல படிகள் உண்டு. பயம் தெளிந்து விழித்துக்கொண்டிருப்பது ஒரு படி. கூப்பிட்டால் பதில் சொல்லுகிற தூக்கம் ஒரு படி. கிள்ளினால்தான் அசைகிற ஆழ்ந்த உறக்கம் ஒரு படி. அதற்கும் கீழே எதற்கும் அசையாத முழு மயக்கம். முதல் படியிலேயே நிறுத்துவதாக நினைத்துக் கொடுத்த மருந்து, பிள்ளையை மூன்றாம் படிக்குச் சொல்லாமல் இறக்கிவிடக்கூடும். சிரிப்பூட்டும் வாயுவைப் பிராணவாயுவோடு கலந்து மூக்கு வழியாய்க் கொடுப்பதில் ஒரு சௌகரியம், நிறுத்தினால் சில நிமிஷங்களில் தெளிந்து விடும். வாயில் ஊற்றின மருந்து அப்படியல்ல. உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளை இன்னும் அழுகிறதே என்று மறுபடியும் ஒரு மடக்கு ஊற்றினால், முதல் மருந்தும் இரண்டாம் மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்து வேலை செய்யும். ஈறு மரத்துப் போவதற்குப் போடுகிற லிக்னோகேன் ஊசிக்குக்கூட அளவுண்டு. அமெரிக்கக் குழந்தைப் பல் வைத்தியர் சங்கம் எடையில் ஒரு கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்கிறது. அதாவது பத்துக் கிலோ பிள்ளைக்கு, சாதாரணமாய்ப் போடும் 2 சதவீத மருந்தில் இரண்டு மில்லியும் கொஞ்சமுந்தான். தராசில் நிறுத்தாமல் கண்மதிப்பில் போடுகிற விஷயமா இது?

டாக்டர் சார்லஸ் கோட்டே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பிள்ளைகளுக்கு மயக்க மருந்தினால் நேர்ந்த 95 விபத்துக்களைச் சேகரித்து ஆராய்ந்து 2000-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அவற்றில் 51 பிள்ளைகள் இறந்து போயின. 9 பிள்ளைகளுக்கு மூளையோ நரம்போ நிரந்தரமாய்க் கெட்டது. இன்ன மருந்து மட்டுமே கெட்டது, மற்றது நல்லது என்று சொல்ல வழியில்லை. மூன்றும் அதற்கு மேலுமாய் மருந்துகளைக் கலந்து கொடுத்ததும், ஆஸ்பத்திரிக்கு வெளியே தனி இடத்தில் கொடுத்ததும், சரியாய்க் கவனியாததும், மூச்சு நின்ற பிறகு மீட்கத் தெரியாததுமே பெரிய காரணங்கள் என்று கண்டார்கள். ஆக, மருந்தைவிட ஆளும் ஏற்பாடுமே பிள்ளையைக் காப்பாற்றுகின்றன அல்லது கொல்லுகின்றன.

நம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கப் புஸ்தகம் வேண்டியதில்லை. கோர்வைச் சேலை நெய்வதற்கு எத்தனை பேர் வேண்டும்? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடா ஓடுகிற தறியில், எவ்வளவு கைதேர்ந்த நெசவாளியானாலும் ஒருவனே உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பார்க்க முடியாதென்று பக்கத்தில் ஒரு துணையாளை வைத்துக்கொள்ளுகிறான். (அந்த வேலைக்கு ஒரு காலத்தில் சின்னப் பையன்களையே பிடித்து உட்கார வைத்ததைப்பற்றித் தனியே எழுத வேண்டும்.) அறுந்தால் முடிந்து கொள்ளக்கூடிய பட்டு இழைக்கே இரண்டு ஜோடிக் கண் வேண்டுமானால், அறுந்தால் முடிய முடியாத ஒரு பிள்ளையின் மூச்சுக்கு எத்தனை ஜோடிக் கண் வேண்டும்? பல்லைக் குடைகிறவரே மருந்தும் கொடுத்து, அவரே மூச்சையும் பார்ப்பது என்பது நடக்கிற காரியமல்ல. அவர் கண் பல்லில் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆழ்ந்த மயக்கமோ முழு மயக்கமோ கொடுப்பதானால், மூச்சைப் பார்ப்பதும் மீட்பதும் தவிர வேறு வேலையே இல்லாத, அதில் பயிற்சி பெற்ற தனி ஒருவர் இருந்தாக வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் சேர்ந்து செய்த விதி 2019-ல் உறுதியாய்ச் சொல்லுகிறது. பல் டாக்டரும் மூச்சை மீட்கும் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்றும் சொல்லுகிறது.

2019-ம் வருஷத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? குளத்துக்குள்ளிருந்து அத்திவரதரை எடுத்து ஜூலை மாதம் முழுவதும் படுக்க வைத்திருந்தார்கள். அந்த 31 நாளும் மரத்தினால் செய்த அந்த உருவத்தின் உறக்கத்துக்கு எத்தனை போலீசு, எத்தனை அதிகாரிகள், எத்தனை காவல்! உயிருள்ள பிள்ளை ஒரு மணி நேரம் நாற்காலியில் உறங்குவதற்கு ஒரே ஒரு ஆளைக் காவல் வையுங்கள் என்று கேட்டால் மாத்திரம் செலவு கட்டாது என்கிறார்கள்.

கருவிகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவியை நம்மில் பலர் அறிவோம். ஜப்பானியரான டக்குவோ அயோயாகி என்பவர் 1974-ல் கண்டுபிடித்த அந்த முறை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி இருக்கிறது. பிள்ளையின் சின்ன விரலுக்குப் பொருந்துகிற கருவி இல்லாத இடத்தில் பிள்ளையை உறங்க வைக்கவே கூடாது. ஆனால் அது மாத்திரம் போதாது. பிராணவாயு கொடுத்துக்கொண்டிருக்கும்பொழுது மூச்சு நின்றாலும், கருவியின் எண் இறங்குவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். எண் இறங்குகிற வரையில் காத்திருக்கிறவன் பின்தங்கிப் போனவன். ஆகையால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிற கண்ணும், வெளிவிடும் மூச்சை அளக்கிற கருவியும், பிள்ளைகளின் முகத்துக்குப் பொருந்துகிற முகமூடியும், காற்றை அழுத்திக் கொடுக்கும் பையும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

இனிப் பெற்றவர்களின் பங்குக்கு வருவோம். வெறும் வயிற்றோடு கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். பாட்டி மனசு கேட்காது. பிள்ளை பசி தாங்காதென்று யாருக்கும் தெரியாமல் ஒரு இட்லியை ஊட்டி அனுப்புவாள். அது பாசந்தான். ஆனால் மயக்கத்தில் அந்த இட்லி வாந்தியாய் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் அந்தப் பாசமே எமனாய் முடியும். இதில் குற்றம் பாட்டியின் மேல் மாத்திரமல்ல. ஏன் கூடாதென்று விளக்கிச் சொல்லாதவர்கள் மேலும் உண்டு. பொதுவாய் இலேசான ஆகாரமும் மாட்டுப் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் நாலு மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. இட்லி கொடுத்தாய் விட்டதென்றால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குச் சளி, இழுப்பு, இரவில் குறட்டை, வேறு மருந்து சாப்பிடுவது ஆகியவைகளையும் மறைக்கக்கூடாது.

அடுத்தபடியாகக் கையெழுத்து. நாலு பக்கம் இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தைக் கொடுத்து "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். தறியில் உட்காருகிறவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுகிறான். புரியாத பாஷையில் சொல்லுகிற மந்திரத்துக்குத் தலையை ஆட்டிப் பழகின தலையல்லவா! 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில், நோயாளியின் சம்மதம் என்பது என்ன வைத்தியம், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவைகளைத் தெரிந்துகொண்டு கொடுத்த உண்மையான சம்மதமாய் இருக்க வேண்டுமென்று தெளிவாய்ச் சொல்லி இருக்கிறது. ஆகவே தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமல்ல. அது நம் உரிமை.

"டாக்டரைக் கேள்வி கேட்டால் கோபித்துக் கொள்ளுவாரே" என்று சிலர் பயப்படுகிறார்கள். ஜரிகை வாங்கும்பொழுது அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று உரைத்துப் பார்க்காமல் வாங்குகிற நெசவாளி இந்த ஊரில் உண்டா? ஜரிகைக் கடைக்காரர் கோபித்துக் கொள்ளுகிறாரா? நாணயஸ்தர் கோபித்துக் கொள்ளுவதில்லை. அதைப்போலவே, மயக்கம் கொடுக்கிறவர் யார், என் பிள்ளையின் மூச்சை வேறு வேலையில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், பிள்ளையை நிறுத்துப் பார்த்தீர்களா, மூச்சு நின்றால் முதல் நிமிஷத்தில் என்ன செய்வீர்கள், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீர்கள் என்று கேட்டால், தன் தொழிலைத் தெரிந்த டாக்டர் சந்தோஷமாய்ப் பதில் சொல்லுவார். அப்படிப்பட்ட டாக்டர்கள் நம் நாட்டில் ஏராளமாய் இருக்கிறார்கள். கோபிக்கிறவரிடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வரவேண்டிய அவசியமென்ன?

இந்த வைத்தியம் அவசியந்தானா என்பதையும் கேட்க வேண்டும். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று அலட்சியமாய் விடுகிறோம். முன் பல் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பல்லோ பத்துப் பன்னிரண்டு வயது வரையில் இருக்கும். மூன்று வயதில் சொத்தையானால் அந்தப் பிள்ளை எத்தனை வருஷம் வலியோடு தின்ன வேண்டும்! இரவில் சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே உறங்க விடுவதும், அழும்பொழுதெல்லாம் மிட்டாயும் பிஸ்கட்டும் கொடுத்து வாயை அடைப்பதுந்தான் சொத்தைக்குப் பெரிய காரணம். பல்லில் புழு இருக்கிறதென்று கண்டங்கத்திரி விதைப் புகையைப் பிடிக்க வைத்துப் "புழு" எடுத்துக் காட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. பல்லுக்குள் புழு கிடையாதென்று பியர் பொஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் 1728-லேயே எழுதி வைத்துவிட்டார். முந்நூறு வருஷம் ஆகப் போகிறது. நம் புழு இன்னும் சாகவில்லை! சொத்தை சிறிதாய் இருக்கும்பொழுதே காட்டினால் ஊசியும் இல்லாமல் மயக்கமும் இல்லாமல் முடிகிற வழிகள் இருக்கின்றன. ஜப்பானில் 1970 வாக்கிலிருந்தே பழக்கத்தில் உள்ள, வெள்ளியும் புளோரைடும் கலந்த மருந்தைத் தடவினால் சொத்தை பெரும்பாலும் பரவாமல் நிற்கும். பல் கறுத்துப் போகும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பெண் பல் டாக்டர், குடையாமலே கடைவாய்ப் பல்லுக்கு உலோகத் தொப்பியை மாட்டிவிடும் முறையைக் கையாண்டு காட்டினார். எல்லாப் பல்லுக்கும் இவை பொருந்தா. ஆனால் இவைகளைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நேரே மயக்கத்துக்குப் போகிறவரிடம் ஏன் என்று கேட்கலாம்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரே பல் வைத்தியசாலையில் மூன்று பிள்ளைகள் இறந்த பிறகுதான் 1985-ல் இதற்கென்று வழிகாட்டி விதிகளை வெளியிட்டார்கள். அதே ராஜ்யத்தில் 2015-ல் ஆறு வயதுப் பையன் ஒருவன் இறந்ததன் பேரில், ஆபத்தையும் மாற்று வழிகளையும் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென்று 2016-ல் சட்டம் வந்தது. இங்கிலாந்திலோ 2000-ம் வருஷத்து அறிக்கையின்மேல், பல் வைத்தியத்துக்கு முழு மயக்கம் கொடுப்பதை ஆஸ்பத்திரிக்கு வெளியே 2001 முடிவோடு நிறுத்தியே விட்டார்கள். நம் தமிழ்நாட்டில் தனியார் வைத்தியசாலைகளை ஒழுங்கு செய்ய 1997-ல் சட்டம் செய்து, அதற்கு வேண்டிய விதிகளை 2018-ல் வெளியிட்டார்கள். 21 வருஷம்! அந்தச் சட்டத்தின்கீழ் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுக்கிற ஒவ்வொரு பல் வைத்தியசாலையிலும் தனி ஆள், கருவி, பிராணவாயு எல்லாம் இருக்கின்றனவா என்று நேரில் பார்த்து, பார்த்த தேதியைத் தமிழில் வாசலில் எழுதி ஒட்ட வேண்டுமென்று கேட்கிறோம். விபத்து நேர்ந்தாலும், நேரப் பார்த்துத் தப்பினாலும் ஒரு ஏட்டில் பதிவாக வேண்டும். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் வைத்தியசாலையோடு சம்பந்தப்பட்ட மூளைக் காய்ச்சலில் எட்டுப் பேர் இறந்ததும், அதற்குக் கிருமி கலந்த உப்புநீரே காரணமென்பதும், டாக்டர்கள் நோயாளிகளை ஒவ்வொருவராய் விசாரித்துக் கணக்கெடுத்ததினால்தான் வெளிவந்தன. கணக்கெடுக்காமல் இருந்திருந்தால் அதையும் எட்டு வீட்டுத் தலையெழுத்தென்றே சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக, வீட்டுக்குத் திரும்புகிற விஷயம். வைத்தியம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அரைத் தூக்கத்திலிருக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பக்கூடாது. பிள்ளை கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பேசி, தானாய் உட்காருகிற வரையில் அங்கேயே இருக்க வேண்டும். வழியில் மறுபடியும் உறங்கித் தலை முன்னால் தொங்கினால் மூச்சு வழி மடங்கிப் போகும். இப்படி வண்டியிலேயே இறந்த பிள்ளைகளும் உண்டு. ஆதலால் தகப்பன் ஒருவனே பிள்ளையை மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு வருவது கூடவே கூடாது. வாடகைக் கார் வைத்துக்கொண்டாலும் பெரியவர்கள் இரண்டு பேராய்ப் போய், ஒருவர் வழி நெடுகப் பிள்ளையின் முகத்தையும் மார்பையும் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.